அக்கா பெயரில் ஒரு பச்சை டிக்

பிப்ரவரி 3

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே வைத்துவிடுகிறாய், அதனால் மெயிலில் கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தயவுசெய்து முழுதாகப் படி.

நேற்று ஆந்தை நம் குழுவை விட்டே போய்விட்டார். நம் மருந்து மணி செயலிக்கு ஆரம்பத்திலிருந்தே உழைத்தவர். ஆந்தை என்பது இணையத்தில் வைத்துக்கொண்ட பெயர், அவருடைய நிஜப் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் எங்கெங்கோ இருக்கிற வயதானவர்கள் அவர் எழுதிய நிரல் மணி அடித்துத்தான் வேளைக்கு மாத்திரை போடுகிறார்கள். அவர் அனுப்பிய நிரல் மாற்றத்தின் அடியில் நீ என்ன எழுதினாய்? "இதை எழுதும்போது தூங்கிக்கொண்டிருந்தீர்களா? மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுங்கள். நேரம் இல்லையென்றால் எழுதாதீர்கள்." உலகமே படிக்கிற இடம் அது. அவர் "சரி, எழுதவில்லை" என்று ஒரே வரி போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். போன வருடம் எறும்பும் இப்படித்தான் போனது. உனக்குச் சுத்தியல் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களே, அது பாராட்டு இல்லை அக்கா.

இங்கே யாரும் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை. திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம், பிடிக்காவிட்டால் நடையைக் கட்டலாம். ஆபீஸ் முடிந்து, வீட்டு வேலை முடிந்து, மிச்சம் இருக்கிற தெம்பில் எழுதித் தருகிறார்கள். நீ நடத்துகிற நடத்தையில் கடைசியில் நீயும் நானும்தான் மிஞ்சுவோம். நான் எழுதுகிற நிரலின் லட்சணம் உனக்கே தெரியும்.

ஒரு யோசனை சொல்கிறேன், கோபப்படாதே. இனிமேல் நீ ரிவ்யூ பண்ணுவதை நேராக அங்கே போடாமல் எனக்கு அனுப்பு. நான் வார்த்தையை மட்டும் பதமாக மாற்றி உன் பெயரிலேயே போட்டுவிடுகிறேன். ஹெல்ப்லைனில் காலையிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டே சிரித்துப் பேசுவதுதானே என் பிழைப்பு. அது இதற்காவது உதவட்டும்.

இன்னொன்று. என் மகள் வரைந்து அனுப்பிய யானைக்கு "கால் மூன்றுதான் இருக்கிறது" என்றா பதில் போடுவது? சின்னக் குழந்தை அவள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி

பிப்ரவரி 5

தம்பிக்கு,

முழுதாகப் படித்தேன்.

ஆந்தை போனதில் எனக்கு என்ன சந்தோஷமா? அவர் நிரலில், ஒரே மாத்திரையை இரண்டு டாக்டர்கள் எழுதியிருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக மணி அடித்தது. யாராவது இரண்டையும் விழுங்கியிருந்தால்? அந்தப் பதற்றத்தில் "மதிப்பிற்குரிய ஆந்தை அவர்களே" என்று ஆரம்பிக்க எனக்கு வராது. நான் லிஃப்டுக்கு நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். கூண்டு வராத மாடியில் கதவு திறந்தால் எங்கள் ஆபீசில் யாரும் "ஒரு சின்ன அபிப்பிராயம்" என்று இழுக்கமாட்டார்கள். கத்துவார்கள். கத்தி முடித்துவிட்டுச் சேர்ந்து டீ குடிக்கப் போவோம். யாரும் மூட்டை கட்டிக்கொண்டு போனதில்லை.

யானை விஷயம்: உன் மகள் அழவில்லை. நாலாவது காலைப் போட்டுத் திருப்பி அனுப்பினாள். உங்கள் வீட்டில் மூக்கை உறிஞ்சியது யார் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆளே இல்லாமல் இதை ஓட்ட முடியாது. எதிர் பில்டிங்கை இடித்துக் கட்டுகிறார்கள். காலையில் ஆரம்பித்த டிரில் இருட்டும்வரை நிற்பதில்லை. ஜன்னலை மூடினால் வேகிறது, திறந்தால் காது போகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நடக்கிறேன், மறுபடி உட்காருகிறேன், சமையலறைக் குழாய் ஒழுகுகிறதா என்று போய்ப் பார்க்கிறேன். அந்த எரிச்சலும் வார்த்தையில் சேர்ந்து வருகிறதோ என்னவோ.

சரி, எடுத்துக்கொள். என் பாஸ்வேர்டை உன் வீட்டுக்காரி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். வார்த்தையை எப்படி வேண்டுமானாலும் மாற்று. விஷயத்தில் மட்டும் கை வைத்தாய், தொலைத்துவிடுவேன். ஒரு மாற்றம் செயலிக்குள் சேர இரண்டு பச்சை டிக் வேண்டும், உன்னுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. அந்த ஏற்பாட்டை நான் எதற்கு வைத்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கட்டும்.

முதல் தவணை இதோ. எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானை எழுதியவருக்கு: "குப்பை." மொழிபெயர்ப்பு அனுப்பியவருக்கு: "இதை ஒரு மனிதர் படிப்பார் என்று நினைத்து எழுதினீர்களா, மிஷின் படிக்கும் என்று எழுதினீர்களா?" இனி உன் பாடு.

அக்கா

மார்ச் 12

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். இந்தத் தடவை நல்ல செய்தி மட்டும்தான்.

உன் "குப்பை" என்ன ஆயிற்று தெரியுமா? "முயற்சிக்கு மிக்க நன்றி. பழைய போன்களில் எழுத்து திரைக்கு வெளியே போகிறது. அதையும் பார்த்துவிட்டால் பிரமாதமாக இருக்கும்" என்று ஆயிற்று. அந்த ஆள் அன்றைக்கே சரி பண்ணிக் கொடுத்தார். எறும்பு திரும்பி வந்துவிட்டது. "சுத்தியலுக்கு என்ன ஆச்சு? பஞ்சு மாதிரி பேசுது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆபீசிலேயே சிரித்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் என்ன ஏது என்று விசாரித்தார்.

குருவி என்று ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். வேலை போய் வீட்டில் இருக்கிறாளாம். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறாள். முதல் நாளே என்னிடம், "சுத்தியல்கிட்ட போறதுக்குப் பயமா இருக்கு, அவங்க தப்புன்னா விடவே மாட்டாங்களாமே" என்றாள். பயப்படாதே, பழகினால் தங்கம் என்று சொல்லிவைத்தேன். நீ தங்கம்தானே?

பெரிய வேலை ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறாள். வேறு ஊருக்கு விமானத்தில் போய் இறங்குகிறவர்களுக்கு, அந்த ஊர் நேரத்துக்குத் தகுந்தமாதிரி மருந்து மணி தானாக மாறிக்கொள்ளும். எத்தனை பேர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்!

உன் மருமகள் இப்போது ஒட்டகம் வரைகிறாள். கால்களை எண்ணிவிட்டுத்தான் எனக்கே காட்டுகிறாள்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் ஏற்பாடு நன்றாகத்தான் நடக்கிறது. அதுதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எறும்பு எனக்குத் தனியாக எழுதியிருந்தது. தன் அம்மா இறந்த வாரத்தில் நான் எழுதிய ஆறுதல் வரியை இன்னும் வைத்திருக்கிறதாம். நான் எதையுமே எழுதவில்லை. வேறு யாரோ கொடுத்த பரிசுக்கு என் கையைப் பிடித்து நன்றி சொன்னமாதிரி இருந்தது. பதில் போடவும் முடியவில்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை. நாள் முழுக்க, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்து வந்தமாதிரியே இருக்கிறது.

அது கிடக்கட்டும். குருவி அனுப்பியதைப் பார்த்தேன். கெட்டிக்காரி, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் ஓர் இடத்தில் உயிர் போகும். கவனமாகக் கேள். காலையில் ஒருவர் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறார். போய் இறங்கும் ஊரில் இன்னும் அதே நாள் காலை. கடிகாரம் பின்னால் போனதும், போட்ட ஊசி போடாத ஊசி ஆகிவிடுகிறது. மறுபடி மணி அடிக்கும். அவர் மறுபடி போட்டுக்கொள்வார்.

நான் எழுதியது இது, அப்படியே எடுத்துக்கொள்: "இதைச் சேர்க்கவே கூடாது. ஆளைக் கொல்லும். போட்ட மருந்தை எந்த ஊரிலும் மறக்காதபடி திருத்தியபிறகு வாருங்கள். அதுவரை என் டிக் கிடையாது."

ஆபீசில் ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், இரண்டு வாரம் தலை தூக்க முடியாது. நீ போட்டதும் எனக்கு ஒரு வரி எழுது. இல்லை, நானே போய்ப் பார்க்கட்டுமா?

அக்கா

ஏப்ரல் 4

பாசமுள்ள அக்காவுக்கு,

நீ அலைய வேண்டாம். குருவியிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டேன். புரிந்துகொண்டாள், பார்க்கிறேன் என்றிருக்கிறாள். நீ போய்ப் பார்த்தால் சும்மா இருக்கமாட்டாய், ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் வருவாய். ஆய்வு வேலையைப் பார். வேளைக்குச் சாப்பிடு. புதிய பதிப்பு வெள்ளிக்கிழமை வெளியாகிறது.

அன்புடன்,
தம்பி

மே 9

தம்பிக்கு,

ஒரு பெண் எனக்கு எழுதியிருக்கிறாள். அவளுடைய அப்பா அவளைப் பார்க்க விமானத்தில் வந்தாராம். வீட்டுக்கு வந்து பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, நம் மணி அடித்தது. "இப்பத்தானே போட்டேன்" என்றாராம். அப்புறம் அவரே, "ஆப் சொல்லுதே, நான்தான் மறந்துட்டேன் போல" என்று இன்னொரு ஊசி போட்டுக்கொண்டாராம். மகள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் சமையலறைத் தரையில் கிடக்கிறார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

திருத்திய பிறகும் இது எப்படி நடந்தது என்று போய்ப் பார்த்தேன். திருத்தவே இல்லை. அங்கே என் பெயரில் இருக்கிறது: "அருமையான வேலை, குருவி! நேரம் பின்னால் போகும் ஊர்களில் என்ன ஆகும் என்பதையும் முடிந்தபோது ஒரு பார்வை பார்த்துவிட்டால் இன்னும் சிறப்பு." அதன் பக்கத்திலேயே என் பச்சை டிக்.

என் டிக், தம்பி. நான் கொடுக்கமாட்டேன் என்று உனக்கு எழுதிய டிக்.

இப்போது எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். தெரிந்திருந்தும் இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டு அனுமதித்தாயா என்று. கேட்கமாட்டார்களா பின்னே? குருவி எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "எல்லாரும் உங்களைப் பத்திச் சொன்னாங்க, தப்புன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்கன்னு. நீங்களே முடிஞ்சா பாருன்னு சொன்னதால அது பெரிய விஷயம் இல்லைன்னு விட்டுட்டேன். ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாமே."

வேறு யார் பெயரில் அந்த வரி இருந்திருந்தாலும் அவள் ஒரு நிமிடம் யோசித்திருப்பாள். என் பெயரில் இருந்ததால்தான் நம்பினாள். நான் இத்தனை வருடம் கத்திக் கத்திச் சம்பாதித்த ஒன்று அது. அதை எடுத்து நீ இதற்குச் செலவு செய்திருக்கிறாய்.

பதிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டேன். எழுதியது நீ என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீயே சொல்.

அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெரியவர் நினைப்பாகவே இருக்கிறது. ஹெல்ப்லைனில் யாராவது வயதான குரலில் "ஹலோ" என்றாலே ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.

நான் மறைக்க நினைக்கவில்லை. நீ எழுதியதை நாலைந்து விதமாக மாற்றி எழுதிப் பார்த்தேன். அதற்கு முந்தின நாள்தான் குருவி எனக்கு எழுதியிருந்தாள்: "வேலை போனதுக்கு அப்புறம் நான் உருப்படியா செஞ்சது இது ஒண்ணுதான்." அவளிடம் போய் "ஆளைக் கொல்லும்" என்று எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தையைக் குறைத்தேன். கடைசியில் விஷயமே மெலிந்துபோனது எனக்குத் தெரியவில்லை. டிக் போடாவிட்டால் மனம் உடைந்துவிடுவாள், வெள்ளிக்கிழமைக்குள் எப்படியும் சரி பண்ணிவிடுவாள் என்று நினைத்துப் போட்டேன். அப்புறம் வேலைத் தொல்லையில் கேட்க மறந்துவிட்டேன். என்னை எதைக் கொண்டு அடித்தாலும் தகும்.

பொதுவில் போட ஓர் அறிக்கை எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்.

"துரதிருஷ்டவசமாக, எங்கள் குழுவுக்குள் ஏற்பட்ட ஒரு சிறிய தகவல் இடைவெளியால் சில பயனர்களுக்குச் சிரமம் நேர்ந்திருக்கலாம். சுத்தியலின் சம்மதத்துடன், அவருடைய கருத்துகளை மென்மையான மொழியில் மாற்றி அவர் பெயரிலேயே நாங்கள் வெளியிட்டு வந்தோம். இந்த முறையில் சில மேம்பாடுகள் தேவை என்பதை உணர்கிறோம். அனைவரின் புரிதலுக்கும் நன்றி."

தம்பி

மே 12

தம்பிக்கு,

இப்போதுமா இந்த வழவழ கொழகொழ?

துரதிருஷ்டம் எங்கே வந்தது? எடு. "சிறிய இடைவெளி" என்கிறாய், ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். "சில பயனர்கள்" இல்லை, ஒரு பெரியவர். "நேர்ந்திருக்கலாம்" இல்லை, நேர்ந்தது. "நாங்கள்" என்பது யார்? டிக் போட்டது உன் விரல். "சுத்தியலின் சம்மதத்துடன்" என்பது சாக்குச் சொல்கிறமாதிரி இருக்கிறது, எடு. மேம்பாடு, புரிதல், நன்றி, மூன்றையும் தூக்கிக் குப்பையில் போடு.

இப்படி எழுது: "இந்த மாற்றத்தைச் சேர்க்கவே கூடாது என்று சுத்தியல் சொன்னார். நான் அதைச் சொல்லாமல், அவர் பெயரில் வேறு வார்த்தை எழுதி, பச்சை டிக்கும் போட்டேன். அதனால் ஒரு பெரியவர் இன்சுலினை இரண்டு தடவை போட்டுக்கொண்டு விழுந்தார். தவறு என்னுடையது." போதும். ஓர் எழுத்தைக்கூடக் கூட்டாதே.

அக்கா

மே 18

தம்பிக்கு,

ஓர் எழுத்துக்கூடக் கூட்டாமல் போட்டிருக்கிறாய். பார்த்தேன்.

கீழே வந்திருப்பதையும் பார்த்தேன். நீ படித்திருப்பாய், அதனால் திரும்ப எழுதவில்லை. "கொலைகாரன்" என்ற வார்த்தை வரைக்கும் படித்தேன். அப்புறம் எழுந்து நடந்தேன், திரும்பி வந்து மறுபடி படித்தேன். உன் கண்ணில் படாமல் ஏதாவது ஒன்றையாவது எடுக்க முடியுமா என்று தேடினேன். ஒரு ஆள் எழுதியிருக்கிறான்: "இதை எழுதும்போது தூங்கிக்கொண்டிருந்தீர்களா?" என் வரி அது. ஆந்தைக்கு எழுதினேனே, அதேதான். உன் பெயருக்குக் கீழே அதைப் பார்த்தபோது அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

பெரியவர் கண் திறந்துவிட்டார். நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது கை மட்டும் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லையாம். மகள் எழுதியிருந்தாள். உனக்கு யாராவது சொன்னார்களா என்று தெரியாததால் எழுதுகிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நான் எடுக்கச் சொன்னதில் ஒரு வரி உண்மை. சம்மதம் கொடுத்தது நான்தான். பாஸ்வேர்டு அனுப்பியதும் நான்தான். இரண்டு டிக் வேண்டும் என்று சட்டம் போட்டவளே இரண்டு சாவியையும் ஒரே கையில் கொடுத்தேன். என் பெயர் சுத்தமாக வேண்டும் என்ற அவசரத்தில் அதைச் சாக்கு என்று அடித்துவிட்டேன். இதை நேற்று நானே அங்கே போட்டிருக்கிறேன். யாரும் சட்டை செய்யவில்லை. எல்லோரும் உன்னைத் திட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

பதில் போடு.

அக்கா

மே 29

தம்பி,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். மெயிலுக்கும் பதில் இல்லை. உன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். "யாரோ இவர் யாருன்னு கண்டுபிடிச்சு இவர் ஆபீசுக்கே எழுதிட்டாங்க அண்ணி. வேலைக்கு வரவேண்டாம்னுட்டாங்க. ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கிறார்" என்றாள். என்னிடம் அவள் ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உனக்கு ஆறுதலாக நாலு வரி எழுதலாம் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை. எழுதியதெல்லாம் உன் ஹெல்ப்லைன் குரலில்தான் வந்தது, படிக்க எனக்கே கூசியது. எனவே எனக்குத் தெரிந்தமாதிரி சொல்கிறேன். நீ செய்தது பெரிய தப்பு. நான் செய்ததும் தப்பு. நீ என் தம்பி. உன்னைப் பார்க்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஆபீசில் லிஃப்ட் சோதனையில் நிற்கிறேன், எந்த மாடி என்று கேட்கிறார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். நான் வருவது பிடிக்கவில்லையென்றால் சொல். என் மனம் நோகும் என்று பார்க்காதே, வேலை இருக்கிறது, விருந்தாளி வருகிறார்கள் என்று சுற்றி வளைக்காதே. உள்ளது எதுவோ அதை எழுது.

அக்கா

மே 31

அக்கா,

வராதே.

"உன்மேல் கோபம் இல்லை" என்றுதான் முதலில் எழுதினேன். அழித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. அது போனபிறகு நானே கூப்பிடுகிறேன். போகாவிட்டால் அதையும் சொல்கிறேன்.

தம்பி